பாரிஸ் அல்ஹம்ராவுக்குப் போகும் வழியில் இல்லை



நம்மூர் ஆட்கள் மூன்று குடும்பம் சேர்ந்து டிசம்பர் லீவில் ஐரோப்பா போகத் திட்டம் போடுகிறார்கள். அந்தப் பயணத் திட்டம் வட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. பாரிஸ், லூசர்ன், மிலான், வெனிஸ், ரோம், பார்சலோனா, கடைசியில் கிரனாடா. நாலு நாடு, ஏழு ஊர், 11 நாள். போகிறவர்களில் ஒருவர் என்னோடு ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் ஒரு பகுதியை எடுத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறார். “எங்கட ஆசை அல்ஹம்ராதான் சேர், மத்ததெல்லாம் வழியில பாக்கிறது” என்றார்.

அந்த “வழியில” என்ற சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. பாரிஸ் அல்ஹம்ராவுக்குப் போகும் வழியில் இல்லை. பார்சலோனாகூட வழியில் இல்லை. அங்கிருந்து கிரனாடாவுக்குத் தரை வழியாகச் சுமார் 850 கிலோமீற்றர்.

என் கருத்து இதுதான். இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் இரண்டு பிரதேசத்துக்கு மேல் போகாதீர்கள். அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். அல்ஹம்ராதான் ஆசை என்றால் ஸ்பெயினின் தெற்கில் உள்ள அந்தலூசியாவும், அதை ஒட்டிப் போர்த்துக்கலின் தெற்கில் உள்ள அல்கார்வேயும் போதும்.

வீட்டில் இருந்துகொண்டு புத்தி சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போன நானும் இதே பிழையைத்தான் செய்தேன். ஒன்பது இரவில் ரோம், பார்சலோனா, மட்ரிட், கொர்டோபா, கிரனாடா. கொர்டோபாவுக்குக் கிடைத்தது இரண்டரை மணித்தியாலம். கிரனாடாவுக்கு இரவில் போய்ச் சேர்ந்து, மறுநாள் பகல் வெளிக்கிட வேண்டும். ஏற்பாடு செய்து தந்தவர் “டிக்கட் வாசலில் எடுக்கலாம்” என்று சொல்லியிருந்தார். வாசலில் டிக்கட் இல்லை. அல்ஹம்ரா வளாகத்துக்குள் டிக்கட் இல்லாமல் நுழையக்கூடிய பகுதி ஒன்று உண்டு. அதில் ஐந்தாம் சார்ள்ஸ் கட்டிய வட்ட முற்றத்து மாளிகை இருக்கிறது. அதாவது முஸ்லிம்கள் போன பிறகு வந்த அரசனுடைய மாளிகை! அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். பல வருடமாக உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிப்பிக்கிறேன். நஸ்ரிய மாளிகைகளின் வெளிச்சுவரைத் தொட்டுவிட்டு வந்தவன் நான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான் பஸ்ஸில் கேட்டான், “அப்ப நாம எதுக்கு வாப்பா வந்த?”

ஆகவே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும். பெட்டி அடுக்கி, அறையை ஒப்படைத்து, ஸ்டேஷனுக்குப் போய், இறங்கி, அடுத்த ஹோட்டலைத் தேடி, அறை தயாராகும் வரை காத்திருக்க வேண்டும். ஏழு ஊர் என்றால் ஆறு மாற்றம், மூன்று நாள் போச்சு. கொழும்பிலிருந்து டோஹா அல்லது துபாய் வழியாகப் போக ஒரு நாள், வர ஒரு நாள். 11 நாளில் மிஞ்சுவது ஆறு. டிசம்பர் 25இல் அல்ஹம்ராவே மூடியிருக்கும், ஜனவரி முதலாம் திகதியும் அப்படித்தான். அந்த மாதத்தில் பகல் வெளிச்சம் பத்து மணித்தியாலத்துக்கும் குறைவு. இதில் முழங்கால் வலியுள்ள ராத்தா ஒருவரும் போகிறார்.

நான் திரும்பப் போவதாக இருந்தால், இன்ஷா அல்லாஹ், இப்படித்தான் போவேன். மட்ரிட்டில் இறங்கி அங்கே நிற்காமல் அதிவேக ரயிலில் கொர்டோபா. ஒன்றே முக்கால் மணித்தியாலம். அங்கே இரண்டு இரவு. பிறகு கிரனாடா மூன்று இரவு. ரயிலில் ஒன்றரை மணித்தியாலமளவில் போய்விடலாம். அடுத்தது செவில் மூன்று இரவு. அங்கிருந்து பஸ்ஸில் அல்கார்வே, மூன்று இரவு. கடைசி இரவு லிஸ்பனில் தங்கி, அங்கிருந்தே விமானம். வந்த வழியே மட்ரிட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஒரு நகரில் இறங்கி வேறு நகரில் ஏறும் விதமாக ஒரே டிக்கட்டாக எடுக்கலாம். தனித்தனி டிக்கட் இரண்டை விட அது பெரும்பாலும் மலிவு.

கொர்டோபாவில் இரண்டு இரவு எதற்கு என்று கேட்பீர்கள். 785ஆம் ஆண்டளவில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல் அது. 850க்கு மேற்பட்ட தூண்கள். 1236இல் நகரம் கைமாறியதிலிருந்து தேவாலயம். உள்ளே நமக்குத் தொழ அனுமதி இல்லை. கையைக் கட்டினாலே காவலாளி வந்துவிடுவார். நான் பார்க்கப் பார்க்க ஒருவர் வாக்குவாதப்பட்டார், வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் நெஞ்சு அடைத்தது. ஆனாலும் போகும் ஆட்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அங்கே போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. மிஹ்ராபுக்கு முன்னால் இருக்கும் கம்பியோரம் அவசரமில்லாமல் நிற்க ஒரு காலை நேரம் வேண்டும். முதல் நாள் பயணக் களைப்பில் பார்த்தால் தூண் மட்டும்தான் தெரியும். அதனால்தான் இரண்டு இரவு.

கிரனாடாவில் நிலைமை வேறு. அல்பைசின் மேட்டில் 2003இல் திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் தோட்டத்தில் நின்றால் எதிர் மலையில் அல்ஹம்ரா. அங்கே அஸர் தொழுதுவிட்டுப் பார்ப்பது, டிக்கட் கிடைக்காத அந்தப் பயணத்தில் அல்லாஹ் எங்களுக்குத் தந்த ஆறுதல். அல்ஹம்ரா டிக்கட் பெயருக்குத்தான் தருவார்கள், கடவுச்சீட்டு இலக்கம் கேட்பார்கள். நஸ்ரிய மாளிகைகளுக்குள் நுழைய நேரம் குறித்திருக்கும். அதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். டிக்கட் பல கிழமைக்கு முன்பே முடிந்துபோகும். ஆகவே விசா கிடைத்த அன்று முதல் வேலை இதுதான். அது கிடைத்த திகதியை வைத்து மற்ற ஊர்களை முன்பின் மாற்றலாம்.

இனி இரண்டாவது பிரதேசம். அல்கார்வே என்றால் அல்-ஃகர்ப், மேற்கு. செவிலிலிருந்து ஃபாரோவுக்கு பஸ்ஸில் சுமார் மூன்று மணித்தியாலம். குவாதியானா ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்ப வேண்டும். கரையோரமாக ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. தவீராவில் உப்பளங்கள், சில்வஸில் செந்நிற மணற்கல் கோட்டை. வாலிபத்தில் அல்-முஃதமித் ஆளுநராக இருந்த ஊர் சில்வஸ். பிறகு செவிலின் அரசரானார், கடைசியில் மொரோக்கோவில் சிறைப்பட்டு இறந்தார். செவிலைப் பார்த்த கண்ணோடு சில்வஸுக்குப் போனால் ஒரே கதையின் இரண்டு முனை. சில்வஸ் ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு இரண்டு கிலோமீற்றரளவில் இருக்கிறது, டக்ஸி பிடியுங்கள். கடல் குளிக்க டிசம்பர் சரிவராது, மழையும் பெய்யலாம். கூட்டமில்லாத காலம், அறை வாடகை குறைவு. எட்டு நாள் கோட்டையும் மாளிகையும் பார்த்த பிறகு கடற்கரையில் சும்மா நடக்க ஆளுக்கு மனம் வரும்.

தொழுகையைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஸ்பெயினின் மணிக்கூடு சூரியனை விட முந்தி ஓடுகிறது. டிசம்பரில் கிரனாடாவில் சூரியன் உதிக்கவே எட்டு மணி தாண்டிவிடும், சுபஹுக்கு அவசரமில்லை. ளுஹர் ஒரு மணிக்குப் பிறகு, மஃரிப் ஆறு மணியளவில். மூன்று இரவுக்கு மேல் ஓரிடத்தில் தங்காததால் நம் மத்ஹபின்படி சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். மௌலவியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் வேண்டும். மரக்கறி என்று சொல்லித் தரும் தட்டிலும் மேலால் பன்றி இறைச்சியைத் தூவித் தருவார்கள். டிசம்பரில் எல்லாக் கடையிலும் குவிந்திருக்கும் மந்தெகாதோ, பொல்வொரோன் என்ற இனிப்புகளில் சேர்வது வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு. பிள்ளைகள் கையை நீட்டுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள். போர்த்துக்கலில் மட்டியைப் பெரும்பாலும் வெள்ளை வைனில்தான் சமைப்பார்கள். நெருப்பில் சுட்ட மீன் கேளுங்கள், பிரச்சினை முடிந்தது. கிரனாடாவில் கல்தெரெரியா வீதியில் மொரோக்கோக்காரரின் கடைகள் இருக்கின்றன.

விசா விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன், சிலர் கோபிக்கலாம். “லேசாக் கிடைக்கிற நாட்டுக்குப் போட்டுவிட்டுப் பிறகு விருப்பமான இடத்துக்குப் போகலாம்” என்று இங்கே ஒரு கதை ஓடுகிறது. செங்கன் விதிப்படி அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். என் திட்டத்தில் அது ஸ்பெயின். பொய்யான ஹோட்டல் பதிவைக் காட்டுவது பொய்தான், அதற்கு மார்க்கத்தில் வேறு பெயர் இல்லை. இரத்துச் செய்யக்கூடிய உண்மையான அறைகள் இருக்கின்றன, அவற்றை எடுங்கள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். சேவையில் இருக்கும் ஆசிரியர்கள் வெளிநாட்டு லீவு அனுமதியை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

“உம்றா போகாமல் ஸ்பெயின் எதுக்கு?” என்று இதன் கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். அந்தச் சகோதரர் இரண்டு முறை உம்றா போனவர். அதற்கு மேல் அவருடைய காசைப் பற்றிக் கதைக்க எனக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

ராத்தாவுக்கு ஒரு தகவல். செவிலில் பழைய பள்ளிவாசலின் மினாரா இன்று தேவாலயத்தின் மணிக்கூண்டு. அதில் மேலே போக மாடிப்படி இல்லை, சரிவுப்பாதைதான். உச்சியில் மட்டும் கொஞ்சம் படி. மெதுவாக, இடையில் நின்று நின்று ஏறலாம். அல்ஹம்ராவில் நடை அதிகம், மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள், அன்றைக்கு வேறொன்றும் வைக்காதீர்கள்.

வியாழக்கிழமை முற்பணம் கட்டப் போவதாகக் கேள்வி. கட்டுவதற்கு முன் மூன்று குடும்பத்தில் யாராவது ஒருவர் எனக்குக் கோல் எடுங்கள். புதன்கிழமை இஷாவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். ரயில் நேரங்களையும் ஹோட்டல் விலைகளையும் கொம்பியூட்டரில் வைத்தே உட்கார்ந்து பார்க்கலாம்.