ஊருக்குள் கழியும் கோடை

கோடை விடுமுறை நெருங்கும்போது பல்கலைக்கழக வளாகங்களில் நிகழும் உரையாடல் பெரும்பாலும் புறப்பாட்டைப் பற்றியதாகவே அமைகிறது. மணாலி, லடாக், மூணாறு எனப் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. செல்ல வசதியற்ற மாணவர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். அங்கே கழியும் நாள்களைப் போக்கிடமின்றிக் கழிந்தவை என்றே கணக்கிடுகிறார். உதவித்தொகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஆய்வாளரிடம் இந்த எண்ணம் இன்னும் ஆழமானது. காண்பதற்குரியவை யாவும் வேறெங்கோ இருக்கின்றன, சொந்த ஊர் வெறும் இருப்பிடம் மட்டுமே என்னும் அனுமானம் இதன் அடியில் கிடக்கிறது. அந்த அனுமானம் சரியா என்று சோதித்துப் பார்க்கக் கேரளம் பொருத்தமான களம். பிறர் பணம் செலவிட்டுத் தேடிவரும் அந்த மாநிலத்தில், படகு வீட்டிலும் மலை விடுதியிலும் தங்கிச் செல்வோர் அறியாத மற்றொரு கோடையும் உண்டு. அது உள்ளூர்க்காரரின் கோடை.

மலையாளத்தின் முதன்மையான நூல்கள் பலவற்றுக்கு முகவரி உண்டு. ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' பிறப்பதற்குக் காரணமான தஸ்ராக், பாலக்காடு நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. விஜயனின் சகோதரி அங்கே ஓராசிரியர் பள்ளியில் பணிபுரிந்தார்; அவருடன் தங்கியிருந்த நாள்களே நாவலின் விதை. இன்று அங்கே விஜயனுக்கு நினைவகம் உள்ளது. யூமா வாசுகியின் தமிழாக்கத்தில் அந்நாவலைப் படித்தவரும், பனைகள் நிற்கும் அந்த வறண்ட நிலத்தில் ஒரு மாலை நடந்தால், ரவியின் தனிமைக்கு நிலமும் ஒரு காரணம் என்பதை உணர்வார். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவையே கதைக்களமாக்கி 'ஒரு தெருவின் கதை' எழுதியவர் எஸ். கே. பொற்றெக்காட். இன்று அவரது சிலை அதே தெருவின் முகப்பில் நிற்கிறது. எம். டி. வாசுதேவன் நாயரின் கதைகளை ஏந்தியிருக்கும் கூடல்லூரும் நிளா ஆறும், தகழியின் எழுத்தில் வரும் குட்டநாட்டு வயல்களும் அப்பகுதி மாணவருக்கு ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான்.

திரைப்படமும் இவ்வாறே ஊரைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. 'மகேஷின்டெ பிரதிகாரம்' (2016) இடுக்கியின் ஒரு சிற்றூரையும், 'கும்பளங்கி நைட்ஸ்' (2019) கொச்சிக்கு அருகிலுள்ள ஒரு மீனவத் தீவையும் உயிர்ப்புடன் காட்டின. 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மலப்புறத்தின் 'செவன்ஸ்' கால்பந்தைச் சுற்றி நகர்கிறது. அணிக்கு எழுவர் ஆடும் அந்த ஆட்டம் மழை தொடங்கும் வரை, அறுவடை முடிந்த வயல்களிலும் தற்காலிக இருக்கைகள் கட்டிய திடல்களிலும், இரவு விளக்கொளியில் நடைபெறும். அங்கே போட்டியைப் பார்த்துவிட்டு வந்து படத்தைக் காண்பவரும், படத்தைக் கண்டுவிட்டுத் திடலுக்குப் போகிறவரும் ஒரே பொருளை இரண்டு முறை பார்ப்பதில்லை. ஒன்றைக் கண்ட கண் மற்றதில் புதியதைக் காண்கிறது.

இந்தச் செழுமையை இயற்கையின் கொடை என்றோ மலையாளிகளின் பிறவிக்குணம் என்றோ கொள்வது பிழை. அதைக் கட்டியெழுப்பியவை நிறுவனங்கள். 1945இல் பி. என். பணிக்கரின் முயற்சியால் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் ஒன்றுகூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கின. ஊர்தோறும் பரவிய அந்த இயக்கம் எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. 1989இன் சட்டம் அதற்கு அரசின் பின்பலத்தை அளித்தது. ஆயினும் அன்றாட நிர்வாகம் ஊராரின் குழுக்களிடமே இருக்கிறது. புத்தகம் எடுக்க வந்தவர் செய்தித்தாள் படித்தார், விவாதித்தார், ஆண்டுவிழாவில் நாடகம் நடித்தார். கேரளத்தின் கிராம வாசகசாலையைப் புத்தக அலமாரியாக மட்டும் பார்ப்பவர் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்.

திரைப்பட ரசனைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினர். அதைத் தொடர்ந்து சிறு நகரங்களிலும் கழகங்கள் தோன்றின. 1980களில் ஜான் ஆபிரகாமும் 'ஒடேஸா' குழுவினரும் ஊர் ஊராகச் சென்று சாப்ளின் படத்தைத் திரையிட்டு, மக்களிடம் திரட்டிய நன்கொடையில் 'அம்ம அறியான்' (1986) படத்தை உருவாக்கினர். பார்வையாளரே தயாரிப்பாளரான அந்நிகழ்வு இந்தியத் திரைப்பட வரலாற்றில் அரிது. இன்றைய மலையாளப் படங்களின் நுட்பமான ஊர்ச்சித்திரிப்பை வியப்போர், அதைப் புரிந்து கொண்டாடும் பார்வையாளர் எவ்வாறு உருவாயினர் என்பதையும் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. ஊரைக் கொண்டாடுவது எளிது. ஆனால் ஊர் யாருடையது? 1924இல் வைக்கத்தில் நடந்த போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக. பெரியார் சிறை சென்ற அப்போராட்டத்தைத் தமிழ் வாசகர் நன்கறிவர். மலையாளத்தின் முதல் திரைப்படமாகக் கருதப்படும் 'விகதகுமாரன்' படத்தில் நாயர்ப் பெண்ணாக நடித்த தலித் பெண் பி. கே. ரோசி, அதற்காகவே தாக்குதலுக்கு உள்ளாகித் தன் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. உள்ளூர்த் தெருவில் மாலை நடையும், உள்ளூர்க் கொட்டகையில் ஒரு படமும் எளிய இன்பங்கள் என்று சொல்லும் எவரும், அவை சிலருக்கு மறுக்கப்பட்ட இன்பங்களாக இருந்தன என்பதை மறத்தல் ஆகாது. இன்றும் இருட்டிய பின் வாசகசாலைத் திண்ணையில் ஆண்கள் அமர்ந்திருக்கும் அளவு இயல்பாகப் பெண்கள் அமர முடிகிறதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

எனினும் இந்த மறுப்பு ஊரைக் கைவிடுவதற்கான வாதம் அன்று. பொதுத்தெருவும் பொது நூலகமும் பொதுவான திரையும் போராடிப் பெறப்பட்டவை. அவற்றைப் பயன்படுத்துவதே அவற்றைக் காக்கும் முதல் வழி. பயன்படுத்துவோர் குறையும்போது அவை ஓசையின்றிக் கைமாறுகின்றன. தனித் திரையரங்குகள் பல திருமண மண்டபங்களாயின. நிளாவின் மணல் அள்ளப்பட்டு, கதைகளில் படித்த மணற்பரப்புப் புதர் மண்டிக் கிடக்கிறது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்ப அலை எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இனி நிழலும் குடிநீரும் மாலை நேரத் திறப்பும் இல்லாத எந்தப் பொதுவிடமும் கோடையில் பொதுவிடமாக இருக்காது. குளிரூட்டிய வணிக வளாகத்துக்குச் செல்லப் பணம் உள்ளவர் இவ்விழப்பை உணரமாட்டார். உணர்பவர், ஊரைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவரே.

இதில் கல்வியுலகின் பங்கு என்ன? இலக்கியத் துறைகளில் 'நிலமும் வெளியும்' குறித்த கோட்பாடுகள் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் தம் ஊரைப் பற்றி எழுதப்பட்ட மூன்று நூல்களின் பெயரைச் சொல்ல இயலாமலே பட்டம் பெறுவோர் உண்டு. இந்த இடைவெளியை நிரப்பப் பெரிய நிதி தேவையில்லை. ஊர் திரும்பும் மாணவர் தம் வட்டாரத்தில் எழுதப்பட்ட கதைகள், எடுக்கப்பட்ட படங்கள், அவற்றில் வரும் தெருக்கள், குளங்கள் ஆகியவற்றின் பட்டியலைத் தயாரித்து உள்ளூர் நூலகத்தில் வைக்கலாம். வாரம் ஒரு மாலை நூலக முற்றத்தில் ஒரு படத்தை முறையான அனுமதியுடன் திரையிட்டுப் பேசலாம். கல்லூரிகள் விடுமுறையில் தம் நூலகங்களைப் பூட்டிவைக்காமல், உள்ளூர் வாசகருக்கும் ஊர் திரும்பிய வெளி மாணவருக்கும் திறந்துவிடலாம். துறைத்தலைவர்கள் இத்தகைய பணியைத் தன்னார்வம் என்று பாராட்டி முடித்துக்கொள்ளாமல், களப்பணியாக ஏற்று மதிப்பெண் வழங்கலாம்.

வாசகசாலைகளின் வரலாற்றைக் கேரளத்தின் தனிச்சிறப்பென்று போற்றிவிட்டு நகர்வது வசதியான செயல். பொது நூலகச் சட்டத்தை விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில், 1948இலேயே இயற்றியது சென்னை மாகாணம். ஆகவே சட்டம் இருந்தும் ஊராரின் குழு இல்லாதபோது என்ன நிகழ்கிறது என்பது தமிழ்நாட்டுக்கான ஆய்வுக்கேள்வி; நூலகம், கொட்டகை, ஆற்றங்கரை ஆகியவை எங்கே உள்ளன, யாருக்குத் திறந்திருக்கின்றன என்பது இந்தியாவின் எந்தச் சிற்றூருக்கும் பொருந்தும் கேள்வி. இந்தக் கோடையில் ஊரிலேயே இருக்க நேர்ந்த மாணவர், அதற்கான விடையைத் தம் தெருவிலிருந்தே தேடத் தொடங்கலாம்.