வேலியோரத்து நஞ்சுக்குத் தும்பனை தடை போடட்டும்

கலகெதரயில் பலா பழுக்கும் காலம் வந்தால் முதல் சுளை வீட்டுக்காரருக்குக் கிடைப்பதில்லை. விடியும் முன்பே குரங்குக் கூட்டம் மரத்தில் ஏறிவிடும். அது தின்பதைவிடக் கடித்து எறிவதுதான் அதிகம். தென்னங்குரும்பையை மர அணில் துளைக்கும். மரவள்ளிப் பாத்தியைக் காட்டுப்பன்றி ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும். மிச்சம் மீதியை முள்ளம்பன்றி தோண்டும். கண்டி–குருநாகல் வீதியின் இருபுறமும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் பாக்கும் கலந்து நிற்கும் வீட்டுத்தோட்டங்களை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை.

அரசாங்கமும் இதை ஒத்துக்கொண்டுவிட்டது. ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்ற பேச்சு 2023 ஏப்ரலில் எழுந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அடங்கியது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்தே நிமிடங்களுக்கு, நாடெங்கும் மக்கள் தத்தம் தோட்டத்தில் நின்ற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை முடிந்தது, குரங்கு மரத்தை விட்டு இறங்கவில்லை. இந்தக் கோபத்தை மதிக்காமல் வனவிலங்கைப் பற்றிப் பேச வருபவருக்குக் கலகெதரயில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனாலும் அந்தக் கோபம் உணவில் நஞ்சைக் கலந்து வேலியோரம் வைக்கும் இடத்துக்குப் போகும்போது, அதைத் தடுத்தே ஆகவேண்டும். துப்பாக்கி பிடித்தவர் எதைச் சுடுகிறார் என்று பார்க்கிறார். நஞ்சு வைத்தவர் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறார். அதன்பிறகு அந்த வழியே என்ன வருகிறது, எது தின்கிறது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை.

இப்படிக் கலக்கப்படும் பூச்சிக்கொல்லிகள் பலவும் வேலை செய்யும் விதம் ஒன்றே. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்தி வைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். வாயில் நுரை தள்ளும், உடல் துடிக்கும், கடைசியில் மூச்சு இழுக்கும் தசையே ஓய்ந்துபோகும். பன்றிக்கும் நாய்க்கும் மனிதருக்கும் இதில் வித்தியாசமில்லை. செத்த உடலோடும் கதை முடிவதில்லை. இந்தியாவில் போல இலங்கையில் பிணந்தின்னிக் கழுகுகள் வாழ்வதில்லை. செத்ததைத் தின்று ஊரைச் சுத்தமாக வைப்பவை காகமும் கீரியும் நரியும் கபரகொய்யாவும் ஊர் நாயும்தான். நஞ்சு தின்ற பன்றியை அவை தின்னும். மழை பெய்தால் மிச்சம் ஓடைக்குள் இறங்கும். அந்தப் பன்றியின் இறைச்சி யாரோ ஒருவர் வீட்டுச் சட்டிக்குள் போய்விடாது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

ஊர் நாயின் சாவு பலருக்குச் சின்ன விடயமாகத் தெரியலாம். தெருநாய்களைக் கொல்லாமல் தடுப்பூசி போட்டு விசர்நோயைக் கட்டுப்படுத்துவது 2006 முதல் இந்த நாட்டின் கொள்கை. ஊசி போட்ட நாய் ஒன்று நஞ்சில் விழுந்தால், அந்தச் சந்திக்கு ஊசி போடாத இன்னொரு நாய் வந்து சேரும்.

2019 செப்டம்பர் இறுதியில் ஹபரணைக்கும் சிகிரியாவுக்கும் அருகிலுள்ள காட்டில் ஏழு பெண் யானைகள் இறந்து கிடந்தன. அவற்றுள் ஒன்று சினையாக இருந்தது. நஞ்சு என்றே அதிகாரிகள் சந்தேகித்தார்கள். கடலுக்கு அப்பால், 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அணை அருகே இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. பசுவைப் புலி அடித்த ஆத்திரத்தில் அதன் சடலத்தில் பூச்சிக்கொல்லி வைத்ததாக ஒருவர் கைதானார். 2025 ஜூனில் கர்நாடகத்தின் மலை மாதேஸ்வரன் மலைக்காட்டில் அதே வகையில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் ஒரேயடியாக அழிந்தன. மாட்டை அடித்தது ஒரு புலியாக இருக்கலாம். போனது ஐந்து உயிர். கண்டிப் பக்கத்து மலைகளில் புலி இல்லை, சிறுத்தை இருக்கிறது. ஊர் எல்லையில் அது தின்பவற்றில் நாயும் பன்றியும் அடக்கம். அதாவது நஞ்சு வைக்கப்படும் அதே பன்றிதான் அதன் இரை.

நஞ்சின் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. இங்கே அதை ஹக்க பட்டாஸ் என்கிறார்கள், தமிழ்நாட்டில் அவுட்டுக்காய். பன்றிக்கென்று தீனிக்குள் மறைத்த வெடி யானைக்கன்றின் வாயைச் சிதைக்கிறது. காயம்பட்ட விலங்கு நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் ஆற்றுக்குள் நின்றபடியே இறந்த சினையானையை உலகமே பார்த்தது. வரவேண்டிய தடை இரண்டையும் சேர்த்தே வரவேண்டும்.

காட்டுப்பன்றிக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லையே, பிறகென்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் சிறுத்தையைப் பாதுகாக்கிறது, பன்றியைப் பாதுகாக்கவில்லை, உண்மைதான். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்து ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைக் கொல்லும் நஞ்சு எந்தக் கடையிலும் இல்லை. பாதுகாப்பற்ற விலங்குக்கு வைத்தேன் என்ற சமாதானம் அதனால்தான் நிற்காது.

நஞ்சைக் கட்டுப்படுத்துவது இந்த நாட்டுக்குப் புதிய வேலையுமல்ல. உலகம் இன்று பாடமாகப் படிக்கும் ஒரு சாதனை கலகெதரயிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் நடந்தது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பதிவாளர் அலுவலகம் பேராதனைக்கு அருகே கெட்டம்பேயில் இருக்கிறது. 1995 தொடங்கி மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், எண்டோசல்பான், பின்னர் டைமெத்தோயேட், பென்தியோன், பரகுவாட் என்று மிகக் கொடிய இரசாயனங்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. நாட்டின் தற்கொலை விகிதம் 1995இல் இலட்சம் பேருக்கு 57 ஆக இருந்தது. 2015இல் அது 17 ஆக இறங்கிவிட்டது. இந்த இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். கமக்காரர்கள் அஞ்சியதும் நடக்கவில்லை: தடைகளால் விளைச்சல் விழுந்ததற்கான அறிகுறி எதையும் ஆய்வுகள் காணவில்லை. எட்டாத தூரத்தில் வைத்த நஞ்சு எத்தனை வீடுகளைக் காக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

அதேவேளை, தடை என்ற சொல்லைக் கேட்டதும் கமக்காரரின் முகம் இறுகுவதற்கும் காரணம் இருக்கிறது. 2021இல் இரசாயன உரத்தையும் கிருமிநாசினியையும் ஒரே கையெழுத்தில் நிறுத்தியபோது பட்ட அடி இன்னும் ஆறவில்லை. மாற்று எதையும் கையில் கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல் கொழும்பிலிருந்து வந்த கட்டளை அது. சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. கலகெதர கேட்க வேண்டியது அந்த மாதிரியான தடையல்ல. பயிருக்கு மருந்து அடிப்பதை இது தொடவே வேண்டாம். விலங்கு தின்னட்டும் என்று உணவில் நஞ்சோ வெடியோ வைப்பது, அது சொந்தக் காணியாகவே இருந்தாலும், குற்றம் என்று ஊர் தானே எழுதிக்கொள்ளும் தடை போதும்.

எழுதும் இடமும் தொலைவில் இல்லை. கலகெதர தும்பனைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிறது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு புதிய உறுப்பினர்களோடு பிரதேச சபைகள் மீண்டும் இயங்குகின்றன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதிகள் இயற்றும் அதிகாரத்தை இந்தச் சபைகளுக்குத் தந்திருக்கிறது. பொதுச் சுகாதாரம், தண்ணீர், தெருநாய், இறைச்சி எல்லாவற்றையும் தொடும் இந்த விடயம் அந்த வரம்புக்கு வெளியே போய்விடாது. மாகாண மட்டத்து ஒப்புதலும் வர்த்தமானி அறிவித்தலும் வேண்டும். காலம் எடுக்கும், ஆனால் பாதை உண்டு.

சின்ன ஊரின் தடையால் என்ன ஆகும் என்று கைவிரிக்கத் தேவையில்லை. கிளைபோசேட் களைகொல்லிக்கு 2014 டிசம்பரில் வந்த தடை முதலில் சிறுநீரக நோய் பரவிய மாவட்டங்களுக்கும் சில பிரதேச செயலகப் பிரிவுகளுக்கும் மட்டுமே. அடுத்த ஆண்டு அது நாடு முழுவதற்கும் விரிந்தது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் வெளிப்படையானது. ஜனாதிபதி நிக்சன் 1972இல் அரச நிலங்களில் வேட்டை விலங்குகளுக்கு நஞ்சு வைப்பதை நிறுத்தினார். பத்தே ஆண்டில் ரேகன் அந்த ஆணையை நீக்கினார். தலைநகரில் கிடைத்ததைத் தலைநகரே பறித்துக்கொண்டது. 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ அருகே, ஓநாய் வகை விலங்குகளுக்காக அரச நிறுவனமே நட்டுவைத்த சயனைட் கருவி ஒரு வீட்டு நாயைக் கொன்று, கூடப்போன 14 வயதுச் சிறுவனையும் தாக்கியது. ஊர் கொதித்தது. அந்த மாநிலத்தில் கருவி நிறுத்தப்பட்டது. 2019இல் ஒரிகன் மாநிலம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2023இல் கோடிக்கணக்கான ஏக்கரை நிருவகிக்கும் கூட்டாட்சி நில முகாமைத்துவப் பணியகமும் தன் நிலங்களில் அதைக் கைவிட்டது. மேலிருந்து வந்தது நிலைக்கவில்லை. ஊரில் தொடங்கியது பரவியது.

காகிதத்தில் எழுதினால் போதுமா என்பது நியாயமான கேள்வி. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலுவலர்கள் ஒவ்வொரு வேலியையும் காவல் காக்க முடியாது. ஸ்பெயினின் அந்தலூசியாவில் 2004 முதல் நஞ்சு இரையை மோப்பம் பிடிக்கும் நாய்களைப் பழக்கி வயல்வெளிகளில் விடுகிறார்கள். தும்பனைக்கு அவ்வளவு வசதி இப்போது வராது. வேறொரு வசதி இருக்கிறது: நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் இருக்கிறது. ஓர் ஓடைக்கரையில் காகமும் நாயும் சேர்ந்து செத்துக் கிடந்தால் அதைப் புதைத்துவிட்டு மறக்காமல், கிராம அலுவலரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சொல்வது வழக்கமாக வேண்டும். மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்பதை உபவிதியே பெயர் குறித்துச் சொல்ல வேண்டும். யார் வைத்தார் என்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்திருக்கும். சொல்லலாம் என்ற துணிவைத் தருவதற்கே சட்டம் தேவைப்படுகிறது.

தண்டம் மட்டும் விதித்துவிட்டுச் சபை கையைக் கழுவக் கூடாது. நெல், சோளம், சோயா, மிளகாய், பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகிய ஆறு பயிர்களுக்கென வந்த இலவசக் காப்புறுதித் திட்டத்தில் கலகெதரயின் பலாவும் தென்னையும் மிளகும் இல்லை. பன்றி அழித்த பாத்திக்கு ஒரு சதமும் வராத வரை நஞ்சுப் போத்தல் அலுமாரியில் இருக்கத்தான் செய்யும். ஆகவே உபவிதிக் கோரிக்கையும் காப்புறுதிக் கோரிக்கையும் ஒரே மனுவில், கமக்காரர் அமைப்புகளின் கையெழுத்தோடு போகவேண்டும். வனவிலங்கு ஆர்வலர்கள் மட்டும் கையெழுத்திட்ட மனு சபைக் கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். அப்படி விழுவது சரியும்கூட.

தென்னந்தண்டில் தகரம் சுற்றுவது, பழைய சேலைகளை வேலியாகக் கட்டுவது, முறையான கருவியோடு அமைத்த மெல்லிய மின்வேலி, அயல் வீடுகள் முறை வைத்துக் காவல் இருப்பது எல்லாம் கமக்காரர் அறிந்தவையே. தனித்தனியாகச் செய்தால் குரங்கு அடுத்த தோட்டத்துக்குப் போகும். கமநல சேவை நிலையத்தின் வழியாகப் பத்து வீடுகள் சேர்ந்து செய்தால் செலவும் குறையும்.

உபவிதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் சபையின் கையிலேயே இருக்கிறது. குரங்கையும் பன்றியையும் வீடுகளின் பக்கம் பழக்குபவற்றில் வீதியோரத்தில் கொட்டும் சோற்றுக்கழிவும் சந்தைக் குப்பையும் முக்கியமானவை. அவற்றை அகற்றுவது பிரதேச சபையின் கடமை. கழிவு வண்டி ஒழுங்காக வரும் நாட்களைச் சபை அடுத்த கூட்டத்திலேயே அறிவிக்கலாம். நஞ்சு இரைத் தடைக்கான வரைவையும் அதே கூட்டத்தில் மேசையில் வைக்கலாம்.