கையெழுத்தும் கைவண்ணமும்

கிட்டார் என்றதும் முகம் மலரும் தோழியர் நம் பள்ளியில் பலர் உண்டு. கூட்டுப்பாடல் குழுவில் ஆர்மோனியமும் கிட்டாரும் அருகருகே அமர்ந்து நெடுநாளாகிவிட்டது. இப்பொழுது எழுந்துள்ள கேள்வி வேறு. "எங்கள் மின்கிட்டாருக்கு ஒரு ஃபஸ் பெடல் வேண்டும், அதுவும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயர் பொறித்ததே வேண்டும்" என்கின்றனர் ஒரு சாரார். "அந்தக் கரகரப்பு பள்ளிக்கூடத்துக்குள் எதற்கு?" என்கின்றனர் பெரியோர் சிலர். இசைக்கருவிகளுக்கென்று பெற்றோர் மனமுவந்து தந்த பணத்தை ஒருமுறைதான் செலவிட முடியும். ஆகவே எங்கள் கருத்தை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

ஃபஸ் என்றால் என்ன? நாம் ஏறிவரும் பஸ் அன்று! காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையை டிரான்சிஸ்டர்கள் அளவுக்கு மீறிப் பெருக்குகின்றன. அதனால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அப்போது மூலச் சுரத்தோடு பல மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. அதுவே அந்தக் கரகரப்பு.

இதன் பிறப்பு ஒரு பழுதில்தான். 1960-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றைப் பதிவு செய்தபோது, ஒலிப்பதிவு மேசையின் பாகம் ஒன்று கெட்டு, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்தது. அதை அழிக்காமல் பாட்டிலேயே விட்டுவிட்டனர். கிளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவாளர், அவ்வொலியை வேண்டும்போதெல்லாம் தரும் பெட்டியை உருவாக்கினார். அதனைக் கிப்சன் நிறுவனம் 1962-இல் மேஸ்ட்ரோ என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடலில் ஒலித்த பிறகே அது பரபரப்பாக விற்றது.

பெரியோர்களுக்கு எங்கள் பணிவான விடை இது: கரகரப்பு நமக்குப் புதிதன்று. தஞ்சாவூர்த் தம்புராவைப் பாருங்கள். குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே ஜீவாளி என்னும் நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் எழும் இடத்தில் நிறுத்துகிறார்கள். நூல் சரியாக அமையாவிடில் ஒலி சுருக்கென்று அடங்கிவிடும். அந்த ரீங்காரத்தையே ஜீவன் என்று மதித்தனர் நம் முன்னோர். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், தம்புராவிலும் வீணையிலும் மேற்சுரங்கள் இவ்வளவு செழிப்பாக எழுவதற்கு அவற்றின் குதிரை அமைப்பே காரணம் என்று 1921-இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நூல் செய்யும் வேலையை டிரான்சிஸ்டர் வேறு வழியில் செய்கிறது, அவ்வளவே. இவ்வொலி பக்திக்கு ஆகாது என்றும் சொல்வதற்கில்லை. ஃபஸ் பெட்டி சந்தைக்கு வராத 1940-களிலேயே, சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்ற அமெரிக்கப் பெண்மணி மின்கிட்டாரை முழக்கி இறைவனைப் பாடினார். 'சிஸ்டர்' என்றாலும் கன்னியாஸ்திரி அல்லர்!

இனித் தோழியருக்கு ஒரு சொல். ஒலி வேண்டும் என்பதை ஏற்கிறோம், பெயர் எதற்கு? இலண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் என்ற வட்டப் பெட்டியில் ஹென்ட்ரிக்ஸின் பெயர் இல்லை; எவரும் கடையில் வாங்கக்கூடிய பெட்டிதான் அது. இடக்கையரான அவர், வலக்கையருக்கான கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, அதன் ஒலிக்குமிழை ஏற்றியும் இறக்கியும் அந்தக் கரகரப்பைத் தம் விருப்பப்படி ஆட்டிவைத்தார். 1970-இல் அவர் மறைந்தார். இன்று டன்லப் நிறுவனம் அவர் பெயரிட்டு அப்பெட்டியை விற்கிறது. பெயர் பெட்டியோடு வரும், கை வருமா?

நம் காவிரிக்கரையிலேயே இதற்குச் சான்று உண்டு. திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) வாசித்துப் புகழ்பெறச் செய்த நீண்ட பாரி நாகஸ்வரத்தைக் கடைந்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. குட்டையான திமிரி நாயனம் பின்தங்க, பாரியே எங்கும் பரவியது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் பாரி வாங்கியவர் அனைவர்க்கும் இராஜரத்தினத்தின் தோடி வந்துவிட்டதா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழகாத கைக்கும் பெட்டியே குற்றமாகத் தோன்றும்.

கையெழுத்து என்பது முடிவில் வருவது. நம் ஊர்ப் புனிதவதியாரைக் காணுங்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் வீணை, மத்தளம், குடமுழா என்று கருவிகளையெல்லாம் அடுக்கிய காரைக்கால் அம்மையார், கடைசிப் பாட்டில்தான் தம்மைக் காரைக்கால் பேய் என்று குறித்துக்கொண்டார். பாடி முடித்த பிறகு இட்ட முத்திரை அது, யாரிடமும் வாங்கியதன்று.

ஆகவே எங்கள் யோசனை இது. ஃபஸ் ஃபேஸ் சுற்றில் இருப்பவை இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு குமிழ்கள், ஒரு 9 வோல்ட் பாட்டரி ஆகியவையே. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் மாணவியர், ஆசிரியை மேற்பார்வையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்து இதைச் செய்துவிடலாம். மிஞ்சும் பணத்தில் நல்ல கம்பிகளும், வாரம் ஒரு நாள் கற்பிக்க ஓர் ஆசிரியரும் கிடைக்கட்டும். பழுதில் பிறந்த ஒலியைப் பழகிய கை ஆளட்டும். ஓராண்டு அயராது வாசித்த பின், தோழியரே, அந்தப் பெட்டியின் மேல் உங்கள் பெயரையே எழுதுங்கள். அதைவிடச் சிறந்த கையெழுத்துப் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது.