‘நன்றாகத் தெரிகிறதா?’ என்று கேட்டால் போதுமா?

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைக் காண வருவோர் அனைவரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்போது நன்றாகத் தெரிகிறதா?” ‘ஆம்’ என்னும் விடையை எதிர்பார்த்தே அக்கேள்வி எழுகிறது. ஆகவே முதியோர் பலரும் ‘ஆம்’ என்றே சொல்லிவிடுகின்றனர்.

72 வயதான என் தாயார் முதலில் அவ்வாறுதான் சொன்னார். கட்டு அவிழ்த்த மறுநாள், தெருமுனையில் திரும்பிய பேருந்தின் எண்ணைத் திண்ணையில் இருந்தபடியே படித்தார். நாங்கள் மகிழ்ந்தோம். சில நாள்கள் கழித்து ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஊசியை எடுத்தார். நூல் கோக்க இயலவில்லை. “கண்ணாடி போடாமல் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல கண்ணைக் கெடுத்துவிட்டார்களே!” என்று கலங்கினார். “வயதானால் அப்படித்தான் அம்மா” என்று கூறி அவர் வாயை அடைத்தோம். அடுத்த ஐந்து மாதங்கள், மற்றொரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள அவர் உடன்படவில்லை.

அவர் சொன்ன குறை கற்பனையன்று. புரை வளரும்போது, விழிவில்லையின் நடுப்பகுதி கடினமாகிச் சிலருக்குக் கிட்டப்பார்வை உண்டாகிறது. பல ஆண்டுகள் அணிந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் வெறுங்கண்ணால் படிக்கத் தொடங்குகின்றனர். இழந்த பார்வை மீண்டதாக எண்ணி மகிழ்கின்றனர். உண்மையில் அது புரையின் விளைவே. புரையை அகற்றினால் அந்த வசதியும் உடன் போய்விடும். அகற்றிய இடத்தில் பொருத்தப்படும் வழக்கமான செயற்கை லென்ஸ் ஒரு தூரத்தை மட்டுமே கூர்மையாகக் காட்டும். பெரும்பாலும் அது தொலைவுக்கே அமைக்கப்படுகிறது. எழுத்துக்கும் ஊசிக்கும் கண்ணாடி வேண்டியிருக்கும். இது சிகிச்சையின் தோல்வியன்று. ஆயினும், முன்னரே சொல்லப்படாத ஒருவருக்கு அது தோல்வியாகவே தோன்றும்.

நிறமும் மாறுகிறது. புரை கொண்ட வில்லை மஞ்சள் படிந்து நீல ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்தது. அத்தடை நீங்கியதும் நீலம் மிகுந்து தெரிகிறது. என் தாயார் மருமகளை அழைத்து, “வேட்டிக்குச் சொட்டுநீலம் அதிகம் போட்டுவிட்டாயா?” என்று கேட்டார். பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவும் 1923-இல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பின், நிறங்கள் மாறி நீலமாகத் தெரிவதாக முறையிட்டார். கண்ணுக்குள் லென்ஸ் பொருத்தும் முறையை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இல்தான் தொடங்கிவைத்தார். அதற்கு முன் வாழ்ந்த மோனே, நம் பாட்டிமார் அணிந்த ‘சோடாபுட்டி’ போன்ற தடித்த கண்ணாடியோடு போராட வேண்டியிருந்தது. இன்றைய நிலை அதைவிடப் பன்மடங்கு மேல். எனினும் மூளை புதிய ஒளிக்குப் பழகச் சில வாரங்கள் தேவைப்படுகின்றன.

ஒரு கண் முடிந்து மறுகண் காத்திருக்கும் காலமே கடினமானது. இரு கண்களும் இரு வேறு அளவில் காட்டுகின்றன. பழைய கண்ணாடி பொருந்துவதில்லை. அந்நாள்களில் என் தாயார் மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்டார். பேரன் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. படிக்கட்டில் விளக்கு எரியட்டும்; கைப்பிடியைப் பற்றி இறங்கட்டும். புதிய கண்ணாடிக்கான அளவை மருத்துவர் குறித்த நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் கடையில் ஒன்றை வாங்கி அணிவிக்க வேண்டா.

என் கருத்து இதுதான். அறுவை சிகிச்சைக்கு முன் குடும்பத்தார் செலவைக் கேட்கிறோம், காப்பீட்டைக் கேட்கிறோம், எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக்கூடாது என்று கேட்கிறோம். “எந்தத் தூரம் தெளிவாகத் தெரியும்? எவ்வேலைக்குக் கண்ணாடி தேவைப்படும்?” என்று கேட்பதில்லை. நோயாளி நாள் முழுதும் என்ன செய்கிறார், படிக்கிறாரா, தைக்கிறாரா, வண்டி ஓட்டுகிறாரா என்பதை மருத்துவரிடம் அவரே தம் வாயால் சொல்ல வேண்டும்; லென்ஸின் அளவைத் தேர்வதற்கே அது உதவும். மருத்துவமனைகளும் இவ்வுரையாடலுக்குச் சில நிமிடங்கள் ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னால் முதியோர் அஞ்சிப் பின்வாங்குவர் என்பாரும் உளர். என் தாயாரைப் பின்வாங்கச் செய்தது சொன்ன சொல்லன்று, சொல்லாமல் விட்டதே.

பழகிவிடும் என்று பொறுத்திருக்கக் கூடாதவையும் உண்டு. வலி, மிகும் சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு, மின்னல் போன்ற ஒளிக்கீற்று, திரளாகத் தோன்றும் கரும்புள்ளிகள், திரை விழுந்தது போன்ற மறைப்பு ஆகியவற்றில் எது நேரினும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து பார்வை மெல்ல மங்கினால், புரை மீண்டும் வளர்ந்ததென அஞ்ச வேண்டா. லென்ஸுக்குப் பின்னுள்ள மெல்லிய சவ்வு மங்கியிருக்கலாம். அதை லேசர் கொண்டு சீர்செய்ய இயலும். மங்கலுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

படிக்கும் கண்ணாடி வந்த அன்று என் தாயார் அந்த ரவிக்கைக்குக் கொக்கி தைத்து முடித்தார். பின்னர் இரண்டாம் கண்ணுக்கு உடன்பட்டார், ஆனால், “இந்தக் கண்ணுக்கு எந்தத் தூரம் வைக்கப்போகிறீர்கள்?” என்று மருத்துவரிடம் கேட்டு, விடையைப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட்டார்.

உங்கள் இல்லத்திலும் ஒருவர் கட்டு அவிழ்த்து வந்திருப்பின், ‘நன்றாகத் தெரிகிறதா?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். “என்னென்ன மாறியிருக்கிறது?” என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை அருகில் அமர்ந்திருங்கள்.