பால்கோவா கிண்டும் கம்ப்யூட்டர்!

வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்ல ஜெல்லிஃபின் போட்டு, ஹால் டிவியில படம் பார்க்க உட்கார்ந்தா... ஓடுது, நிக்குது, வட்டம் சுத்துதா? புது கம்ப்யூட்டர் கேட்டு அப்பா பர்ஸுக்குக் குறி வைக்கிறதுக்கு முன்னாடி மூணு செக்கப்!

ஒண்ணு: படம் ஓடும்போது ஜெல்லிஃபின் டாஷ்போர்டைப் பாருங்க. 'டைரக்ட் ப்ளே'ன்னு இருந்தா, அது ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில கட்டி வெச்ச பால்கோவா. எடுத்துக் கொடுத்தா போதும். 'டிரான்ஸ்கோடிங்'னா, ஆர்டர் வந்தப்புறம் பாலைக் காய்ச்சிக் கிண்டுற கதை. 2013-ல வந்த ஹெச்.265 ஃபார்மட் உங்க டிவிக்குப் புரியலைன்னா, கம்ப்யூட்டர்தான் கிண்டணும். பழைய மெஷினுக்கு மூச்சு வாங்காதா? இலவசமா கிடைக்கிற ஹேண்ட்பிரேக்ல ஒரே ஒரு தடவை ஹெச்.264-க்கு மாத்தி வெச்சுடுங்க. ஒரிஜினலை அழிச்சிடாதீங்க!

ரெண்டு: டைரக்ட் ப்ளேயிலும் திக்குதா? வைஃபையை விட்டுட்டு, கம்ப்யூட்டர், டிவி ரெண்டையும் ரவுட்டரோட லேன் கேபிள்ல இணைச்சுப் பாருங்க. 100 எம்பிபிஎஸ் கேபிளே ஃபுல் ஹெச்டிக்குத் தாராளம். இப்ப சரியாகிட்டா, குற்றவாளி வைஃபைதான். ரவுட்டரை இடம் மாத்துங்க.

மூணு: அதுக்கும் மசியலையா? அந்த ஃபைலை வேற டிஸ்க்குக்குக் காப்பி பண்ணுங்க. காப்பி பாதியில நின்னு நின்னு போகுது, ஹார்ட் டிஸ்க் 'கடக் கடக்'குங்குதுன்னா, உஷார்! படம் பார்க்கிறதை நிறுத்திட்டு, அக்கா கல்யாண வீடியோ, தாத்தா போட்டோ எல்லாத்தையும் முதல்ல காப்பாத்துங்க. சினிமா திரும்பக் கிடைக்கும் பாஸ். அதெல்லாம் கிடைக்காது!