சைலன்சர் மாற்றும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காரோ பைக்கோ வைத்திருப்பவர்கள், அதிலும் சைலன்சர் மாற்ற ஆசைப்படுகிறவர்கள், பொறுமையாக வாசிக்க வேண்டும்.

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து என் தங்கை மகன் குடும்பத்தோடு நாகர்கோவில் வந்திருந்தான். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிட்டது. இன்ஜினில் தொடங்கி பின்முனை வரை சைலன்சர் செட் முழுவதையும் வெளிக்கடையில் மாற்றியிருக்கிறான். "ஒரு ரவுண்டு போவோம் மாமா" என்றான். ஏறி உட்கார்ந்தேன். மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் இன்ஜின் படம் எரிந்துகொண்டிருந்தது.

"இது என்னடே?"

"அது ஒண்ணுமில்ல மாமா. ஆக்சிஜன் சென்சார் சும்மா தொந்தரவு பண்ணுது. சென்சாருக்கு அடியில ஒரு சின்ன பீஸ் வச்சா லைட்டு அணைஞ்சிரும்னு கடையில சொல்லியிருக்காங்க."

பின்சீட்டில் இருந்த அவன் மகள், "தாத்தா, இந்தக் கார்ல போனா எனக்குத் தலை வலிக்கு" என்றாள்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கண்ணாடிகளை இறக்கச் சொல்லி, வண்டியை நேராக என் பழைய மாணவன் ஒருவனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு விடச் சொன்னேன். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன். இன்று கார் விஷயத்தில் எனக்கு அவன்தான் ஆசிரியர்.

அங்கே கண்டதைச் சொல்வதற்கு முன், அந்தச் சென்சார் என்ன என்று பார்ப்போம். பிளஸ் டூவில் என்னிடம் நெர்ன்ஸ்ட் சமன்பாடு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆக்சிஜன் சென்சார் என்பது ஒரு சிறிய மின்கலம். ஜிர்கோனியா என்னும் பீங்கான் குப்பியின் உட்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் இன்ஜின் புகை. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரண்டு பக்கமும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் பிறக்கும். பெட்ரோல் அதிகமாக எரிந்தால் 0.9 வோல்ட் அளவில், காற்று அதிகமானால் 0.1 வோல்ட் அளவில். கலப்பில்லாத ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு தவறாமல் இருக்க, காரின் கணினி இந்தச் சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

ஜிர்கோனியாவுக்கு மூலப்பொருள் ஜிர்கான் மணல். நம் மணவாளக்குறிச்சி அருமணல் ஆலையில் இல்மனைட், மோனசைட்டோடு பிரித்தெடுக்கிறார்களே, அதேதான்.

1976இல் அமெரிக்காவுக்குப் போன வால்வோ கார்களில்தான் பாஷ் நிறுவனத்தின் இந்தச் சென்சார் முதலில் வந்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி. இன்றைய பெட்ரோல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒரு சென்சார். முன்னது கலவையை அளக்கும். பின்னது கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிக்கும். புது பைக்குகளிலும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. ஆகவே பைக் பையன்கள் இதோடு எழுந்து போக வேண்டாம்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். லிஃப்டில் தூக்கிப் பார்த்தால் நான்கு தவறுகள். ஒன்று, கன்வெர்ட்டரே இல்லை. அந்த இடத்தில் வெறும் குழாய். இரண்டு, இன்ஜினோடு குழாய் சேரும் கேஸ்கெட்டில் கசிவு. மூன்று, அந்தக் கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பேஸ்டை அப்பியிருக்கிறார்கள். அதன் ஆவி பட்டு முன் சென்சாரின் முனை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. நான்கு, புதுக் குழாயில் சென்சார் தள்ளிப் போனதால் வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி நீட்டியிருக்கிறார்கள்.

கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் "காற்று அதிகம்" என்கிறது. கணினி அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. மைலேஜ் குறைகிறது, கார்பன் மோனாக்சைடு கூடுகிறது. அதே ஓட்டை வழியாகப் புகையும் இன்ஜின் அறைக்குள் வருகிறது. அங்கிருந்து ஏ.சி. காற்றோடு வண்டிக்குள் வர வழியுண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குழந்தையின் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று மருத்துவர் போல நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காரில் இனி ஒரு நாள்கூட அவளை ஏற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதற்குத்தான் அந்த "சின்ன பீஸ்" வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது பின் சென்சாரைப் புகையிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கும். கன்வெர்ட்டர் நன்றாக இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளும். விளக்கு அணையும். ராங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கொண்டு வந்த பையன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (உங்களில் சிலர் இப்போது சிரிப்பீர்கள்.) கையெழுத்து போட்டதால் கணக்கில் மார்க் கூடியதா? சென்சார் கதையும் அதுதான். ஏமாறுவது கணினி அல்ல, பின்சீட்டில் இருக்கும் பிள்ளை.

சைலன்சரே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வயதுக்குரிய ஆசை. பழையது துருப்பிடித்தாலும் மாற்றத்தான் வேண்டும். நம் கடற்காற்றுக்கு இரும்பு எத்தனை நாள் நிற்கும்? என் கருத்து இவ்வளவுதான்: கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் மாற்றுங்கள். அதுவும் சத்தத்துக்கான வரம்புக்குள். கன்வெர்ட்டரையும் இரண்டு சென்சாரையும் இருந்த இடத்தில் விடுங்கள்.

சென்சாரைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், என் மாணவன் எனக்கு எடுத்த பாடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வயர் நுழைய வெட்டு விட்ட சென்சார் சாக்கெட்டால் கழற்றுங்கள். பெரும்பாலும் 22 மி.மீ. அளவு. முன்னது எது, பின்னது எது என்று அடையாளம் கட்டி வையுங்கள்.

சென்சாரைக் கீழே போடாதீர்கள். உள்ளே இருப்பது பீங்கான். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே விரிசல் விட்டிருக்கும். முனையைப் பெட்ரோலிலோ தண்ணீரிலோ கழுவக் கூடாது. குழாயில் வெல்டிங் இருந்தால் சென்சாரைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது சென்சாருக்குரிய ஆன்டி-சீஸ் பேஸ்டை மரையில் மட்டும் தடவுங்கள், முனையில் படக் கூடாது. முதலில் கையால் திருகி, பிறகு கம்பெனி மேனுவலில் சொன்ன டார்க் அளவுக்கு முறுக்குங்கள். புதுக் குழாயில் இடம் வைப்பதானால் குழாயின் மேல்பாதியில் சாய்வாக இருக்கட்டும். அடியில் வைத்தால் குழாயில் தங்கும் தண்ணீர் பட்டு, சூட்டில் பீங்கான் வெடிக்கும். இன்ஜினிலிருந்து பழைய தூரமே இருக்கட்டும்.

வயரை வெட்டாதீர்கள், ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த வயருக்குள் உள்ள இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. நீளம் போதாவிட்டால் அதற்கென்று விற்கும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள். சூடான குழாயில் படாமல் கிளிப் போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் தேவைப்பட்டால் சென்சாருக்குக் கெடுதல் இல்லாதது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, பழைய கன்வெர்ட்டரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. உங்களுக்கு அது பழைய இரும்பு, வாங்குகிறவனுக்குக் காசு.

"ஆயிரம் லாரி புகை விடுது, என் ஒரு கார்தானா?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் லாரிக்காரன் புகை அவன் மகள் பக்கத்தில் இல்லை. இவன் புகை இவன் மகள் பக்கத்தில் இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தன் இஷ்டத்துக்கு வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். காற்று, சத்தம் தொடர்பான விதியை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமும் லைசென்ஸ் தடையும் வரலாம்.

நல்லவேளை, பழைய கன்வெர்ட்டர் கடையின் மூலையில் கிடந்தது. நான் கூடப் போய்க் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அதைப் பூட்டி, புது கேஸ்கெட், புது முன் சென்சார் போட்டோம். பின்பக்க சைலன்சரை மட்டும் அவன் ஆசைக்கு விட்டோம், சத்தத்தைக் குறைத்து. விளக்கு யாரும் ஏமாற்றாமலே அணைந்தது. மொத்தச் செலவு, புது செட் வாங்கிய காசில் பாதிக்கு மேல். "முதல்லயே உங்ககிட்ட கேட்டிருக்கலாம் மாமா" என்றான். என்னிடம் அல்ல மக்களே, நல்ல மெக்கானிக்கிடம் கேட்டிருக்க வேண்டும்.

ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அதை அணைக்க வழி தேடாதீர்கள். ஏன் எரிகிறது என்று கேளுங்கள். வகுப்பில் நான் உங்களிடம் எதிர்பார்த்ததும் அந்த "ஏன்" ஒன்றைத்தான்.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் என் மாணவர்கள் யாராவது இதில் பிழை கண்டால் தயங்காமல் திருத்துங்கள். கற்றுக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

அன்புடன்,
உங்கள் வேதியியல் சார்