மரப்பயிரும் காலத்தின் கூலியும்

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் மணற்பாங்கான நிலங்களில் தலைமுறை தலைமுறையாகச் சவுக்கு பயிரிட்டு, சாரத்துக்கும் விறகுக்கும் காகித ஆலைக்கும் விற்றுக் குடும்பம் நடத்திவரும் குடியானவர்களிடம், இப்பொழுது மரத்துக்கு மேலும் இரண்டு விலைகள் பேசப்படுகின்றன. கரியமில வாயுவை ஈர்த்துச் சேமித்து வைப்பதற்கு ஒரு விலை; நிலக்கரிக்குப் பதிலாக எரிந்து மின்சாரம் தருவதற்கு மற்றொரு விலை. ஒரே கட்டைக்கு இவ்விரண்டும் முழுமையாகக் கிடைக்கும் என்று விவசாயியை நம்பச் செய்வது பெரும் அநீதியாகும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பனாகையால், ஒரு டன் உலர்ந்த கட்டை சுமார் 1.8 டன் கரியமில வாயுவைத் தன்னுள் அடக்கியிருக்கிறது; கொதிகலனில் எரிந்த அன்றே அவ்வளவும் ஆகாயத்துக்குத் திரும்பிவிடுகிறது. நிலக்கரி எரியாமல் மிஞ்சுவதும், மறுநடவு செய்த கன்று அந்த வாயுவை மீண்டும் ஈர்ப்பதும் மெய்யான பிரயோஜனங்களே. ஆயினும் சேமிப்புக்காகப் பணம் பெறுபவன் மரத்தை நிறுத்திவைக்க வேண்டும்; எரிபொருளுக்காகப் பணம் பெறுபவன் வெட்டியே தீரவேண்டும்.

எரிபொருளின் விலையோ நிலக்கரியின் விலைக்குக் கட்டுப்பட்டது. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகையால், தொலைவிலுள்ள மின்நிலையத்துக்கு அதை ஏற்றியனுப்புபவன் நீருக்கும் சேர்த்தே வண்டிக்கூலி கொடுக்கிறான். ஆகவே மலைவேம்பின் பருத்த அடிமரம் ஒட்டுப்பலகைக்கும், சவுக்குக் கட்டை காகிதக் கூழுக்கும் போக, கிளையும் நுனியும் பட்டையும் மாத்திரம் அருகிலுள்ள கொதிகலனுக்குச் செல்வதே லாபகரமான முறை.

இவற்றினும் பெரிய செலவு காலம். நிலக்கடலை நான்கு மாதத்தில் பணமாகிறது. சவுக்குக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அத்தனை காலமும் கடனுக்கு வட்டி வளர, புயல் ஒன்று வந்தால் முதலே போய்விடுகிறது. கார்பன் சந்தைக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தத்தை 2022-இல் நிறைவேற்றி, அதற்குரிய திட்டத்தை 2023-இல் அறிவித்த மத்திய அரசு, சந்தையின் பலன் சிறு விவசாயியை எட்டுவதற்கான வழியையும் வகுத்தல் அவசியம். இரண்டு ஏக்கர்க்காரன் தனியே நின்றால் மரத்தை அளந்து சான்று பெறும் செலவே வருமானத்தை விழுங்கிவிடுமாகையால், கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமே அப்பொறுப்பை ஏற்க வேண்டும். வாங்குபவர் குறைந்தபட்ச விலையை எழுத்தில் உறுதி செய்து, அதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முன்பணமாகத் தர வேண்டும். புயலுக்குக் காப்பீடும் வேண்டும். உலகத்தின் நன்மைக்காக நெடுங்காலம் காத்திருக்கும் பாரத்தை, காத்திருக்கச் சற்றும் வசதியற்றவன் தலையிலேயே சுமத்துவது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது.